குட்டி போட்ட பூனை

"குட்டி போட்ட பூனையைப் போல ஏன் இங்கும் அங்கும் அலைகிறீர்கள்?" என்று நாம் எத்தனை பேரைக் கேட்டிருப்போம்! பங்கு இல்லத் திண்ணையில் ஒரு சான்றிதழுக்காகக் காத்திருந்தோரைக் கேட்டிருக்கிறோம். மகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டி ஒரே நாளில் மூன்று முறை வந்து போன தாய்மாரைக் கேட்டிருக்கிறோம். குரு சொன்னால் மக்கள் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் வலி குருவின் காதுக்கு எட்டுவதில்லை. குட்டி போட்ட பூனை எதற்காக அலைகிறது என்பதும் அன்று நமக்குத் தெரியாது. ஐம்பத்து நான்கு வயதில், இருபத்தாறு ஆண்டுக் குருத்துவப் பணிக்குப் பின், ஒரு பூனையே அதை நமக்குக் கற்பித்தது.

நமது பங்கு தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு கல் தொலைவில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ஆலயம் சற்று மேட்டில் நிற்கும். பங்கு இல்லம் அதற்குக் கீழே, தாழ்வான இடத்தில். இல்லத்தின் பின்னறையில் ஒரு பழைய மர அலமாரி உண்டு. நூறாண்டுக்கு மேற்பட்ட ஞானஸ்நானப் பதிவேடுகள் அதில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அலமாரியின் கீழ்க்கதவு சரியாகச் சாத்துவதில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. மாலைத் திருப்பலி முடித்து வந்து, மிக்ஜாம் புயலால் சென்னையில் பெய்யும் மழையைப் பற்றிய செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பின்னறையிலிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. விளக்கை எடுத்துச் சென்று பார்த்தோம். கீழ்த்தட்டில், பழைய திருவிழா அழைப்பிதழ்க் கட்டுகளின் மேல், சில மாதங்களாக இல்லத்தைச் சுற்றித் திரிந்த சாம்பல் நிறப் பூனை படுத்திருந்தது. அதன் வயிற்றோரம் எலியளவே இருந்த மூன்று உயிர்கள். நாம் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நான்காவதும் பிறந்தது. தாய் அதன்மேல் இருந்த சவ்வை நக்கி அகற்றியது. தொப்புள்கொடியைப் பல்லால் அறுத்தது. குட்டியின் முகத்தை விடாமல் நக்கி மூச்சை வரவழைத்தது. யாரும் கற்றுக்கொடுக்காத அந்த மருத்துவத்தைக் கண்டு வியந்து நின்றோம். பங்கில் பிறந்த அத்தனை பேரின் பெயரும் எழுதப்பட்ட இடத்தைத் தன் பிள்ளைப்பேற்றுக்கு அது தெரிந்தெடுத்ததை எண்ணிச் சிரித்தும் கொண்டோம்.

அந்த வியப்போடு கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

மறுநாள் காலையில், நான்காவது குட்டி மற்றவற்றைவிடச் சிறியதாக இருப்பதைக் கவனித்தோம். மூன்று குட்டிகள் முண்டியடித்துப் பால் குடிக்க, இது ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. தாயோ மெலிந்த பூனை. அநேகமாக அதற்கு அது முதல் ஈற்று. 'இத்தனை எலும்பான உடம்பில் நான்கு பிள்ளைக்குப் பால் ஏது?' என்று நமக்குள் தீர்ப்பெழுதினோம். தாய் வெளியே சென்ற நேரம் பார்த்து அச்சிறு குட்டியைக் கைக்குட்டையில் பொதிந்து நமது அறைக்கு எடுத்து வந்தோம். பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, பேனாவுக்கு மை நிரப்பும் குழாயில் எடுத்து, கைக்குழந்தைக்குப் புகட்டுவதுபோல் குட்டியை மல்லாத்திப் பிடித்து வாயில் விட்டோம். முதலில் சப்பியது. பிறகு மூக்கு வழியே பால் நுரைத்தது. துடைத்துவிட்டு மீண்டும் புகட்டினோம்.

சமையல் வேலை பார்க்கும் பாட்டி வாசலில் நின்று பார்த்தார். "சாமி, தாய் இருக்கும்போது அதை ஏன் பிரிக்கணும்? கொண்டு போய் விட்டுருங்க" என்றார்.

"தாயிடம் பால் இல்லை பாட்டி. அப்படியே விட்டால் செத்துப்போகும்" என்றோம்.

பாட்டி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. குருவிடம் இரண்டாம் முறை சொல்லும் வழக்கம் அந்தத் தலைமுறைக்கு இல்லை.

அன்று பகல் இன்னொரு நற்செயலும் புரிந்தோம். பிறந்த குழந்தைகள் இருக்கும் இடம் தூய்மையாக இருக்க வேண்டுமென்று கோயில்பிள்ளையை அழைத்துப் பின்னறை முழுவதையும் கறுப்புப் பினாயில் ஊற்றிக் கழுவச் செய்தோம். மாலையில் அலமாரியின் கீழ்த்தட்டு காலியாகக் கிடந்தது. மூன்று குட்டிகளையும் தாய் எங்கோ கொண்டுபோய்விட்டது. அன்றிரவெல்லாம் அது இல்லத்தைச் சுற்றி வந்தது. பின்னறைக்குப் போகும், நமது அறைக் கதவருகே வந்து நிற்கும், ஒரு வித அடிக்குரலில் கூப்பிடும், மறுபடி இருளில் மறையும், மறுபடி வரும். நமக்கு உறக்கம் கெட்டது. "குட்டி போட்ட பூனை அல்லவா, அப்படித்தான் அலையும்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டோம். தன் நான்காம் பிள்ளையை அது தேடியது என்பதும், அந்தப் பிள்ளை நமது மேசை மீது ஒரு செருப்புப் பெட்டிக்குள் கிடந்தது என்பதும் அப்போது நமது எண்ணத்தில் ஒன்றுசேரவில்லை.

விடியற்காலையில் பார்த்தபோது குட்டி விறைத்துக் கிடந்தது.

அதை முருங்கை மரத்தடியில் புதைத்தோம். ஒரு பூனைக்குட்டியின் சாவுக்கு இவ்வளவு மனவேதனையா என்று வாசகர்கள் எண்ணலாம். வேதனை சாவினால் மட்டும் வந்ததன்று. நமது கை பட்டுச் செத்தது என்ற உணர்வே உறுத்தியது. அன்று பிற்பகல் அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சென்றோம். ஆடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த மருத்துவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். பின்பு ஒவ்வொன்றாக விளக்கினார்.

பூனைக்குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ நூறு கிராம் எடைதான் இருக்கும். கண்கள் மூடியிருக்கும், காதுகள் மடிந்து ஒட்டியிருக்கும். தன் உடம்பின் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் முதல் சில வாரங்களுக்கு அதற்கு இல்லை. தாயின் வயிறும் உடன்பிறந்தோரின் நெருக்கமுமே அதற்குக் கணப்பு. தனியே ஒரு பெட்டியில் வைத்தால், நமக்குக் குளிராத இரவும் அதற்குக் கொல்லும் குளிராகிவிடும். உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. பசும்பாலில் பூனைப்பாலில் உள்ள அளவு புரதமும் கொழுப்பும் இல்லை. அதிலுள்ள சர்க்கரையோ குட்டிக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிக்கும்போது குட்டி எப்போதும் குப்புறக் கிடந்தே குடிக்கிறது. இவற்றையெல்லாம் விட நம்மை வியக்க வைத்தது ஒன்று. பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் வரை தாய் நக்கிக் கொடுத்தால்தான் அது நிகழும். தாய் ஓயாமல் நக்குவதைக் கொஞ்சல் என்றே நாம் எண்ணியிருந்தோம். அது கொஞ்சலுந்தான், ஆயினும் அது இல்லாவிட்டால் உயிரே இல்லை.

பினாயிலைப் பற்றிச் சொன்னதும் மருத்துவர் தலையை அசைத்தார். அதிலுள்ள நச்சைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்த காலைப் பூனை நக்கும். நக்கிய நஞ்சு உள்ளே போகும். நமது தலைவலிக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானதாம். "அந்த நெடி தாங்காமல்தான் குட்டிகளை எடுத்துப் போயிருக்கும். நல்ல தாய்" என்றார்.

"நாங்கள் இனி என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டோம்.

"குட்டிகளுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் ஃபாதர். தாய்க்குச் செய்யுங்கள். குட்டிகளுக்கு வேண்டியதைத் தாய் பார்த்துக்கொள்ளும்."

இருபத்தாறு ஆண்டுகளாக நாம் ஆற்றிய மறையுரைகளில் இத்தனை சுருக்கமான ஒன்றை நினைவுகூர முடியவில்லை.

தாயற்ற குட்டிகளின் நிலை வேறு என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. அவற்றுக்கென்றே விற்கும் பால்மாவை இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவும் பகலும், குப்புறக் கிடத்திப் புகட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துச் சிறுநீர் கழிக்கச் செய்ய வேண்டும். அது தாய் இல்லாதபோது செய்வது. தாய் இருக்கும்போது செய்வது தாயை அகற்றுவதாகும்.

தாய்க்குச் செய்வது எப்படி? இல்லம் திரும்பியதும் பாட்டியிடம் மருத்துவர் சொன்னதைச் சொன்னோம். "நான் அப்பவே சொன்னேனே" என்று அவர் சொல்லவில்லை. அது அவரது பெருந்தன்மை. பாலூட்டும் பூனை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உண்ண வேண்டுமாம். மீன்காரரிடம் சாளையும் நெத்திலியும் வாங்கி, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்து, சிறிது சோறு பிசைந்து, பாட்டி ஒரு நாளைக்கு நான்கு முறை வைத்தார். சில நாள் அவித்த முட்டை. பூனை என்றால் பால் என்று நாம் எண்ணுகிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை என்பதால் பால் கிண்ணத்தை அகற்றித் தண்ணீர்க் கிண்ணம் வைத்தோம். பால் சுரக்க முதலில் வேண்டியது தண்ணீரே. ஊரில் திரியும் கடுவன் பூனையும் தெரு நாய்களும் உள்ளே வராதபடி பின்கதவுக்கு ஒரு பலகை அடித்தார் கோயில்பிள்ளை. தரையை வெந்நீரால் மட்டும் மூன்று முறை கழுவிக் காயவிட்டோம்.

குட்டிகள் விறகுக் கொட்டகையில் சாக்குகளுக்குப் பின்னால் இருப்பதைப் பாட்டி கண்டுபிடித்திருந்தார். கூரை ஒழுகும் இடம் அது. எடுத்து வந்துவிடலாமா என்று கை துடித்தது. எடுக்கவில்லை. பின்னறையின் இருண்ட மூலையில் இரண்டு செங்கல் மீது பலகை போட்டு, ஒரு அட்டைப்பெட்டியை வைத்து, பழைய பருத்தி வேட்டியை மடித்து விரித்தோம். துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒன்றைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தோம். சூடு மிகுந்தால் குட்டிகள் மறுபக்கம் நகர இடம் வேண்டும் என்பது மருத்துவர் சொல். தாய்க்கு உணவை அந்தப் பெட்டியருகே வைக்கத் தொடங்கினோம். பிறகு காத்திருந்தோம். உதவியில் மிகக் கடினமான பகுதி இந்தக் காத்திருப்புத்தான். முதல் நாள் பூனை உண்டுவிட்டுப் போனது. இரண்டாம் நாள் பெட்டியை முகர்ந்தது. மூன்றாம் நாள் இரவு, வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து பெட்டிக்குள் இட்டது. மூன்று நடையில் மூன்றும் வந்து சேர்ந்தன. குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாறும் என்பார்கள். கணக்கு ஏழோ எட்டோ, காரணமில்லாமல் அது மாறுவதில்லை. நெடி, இரைச்சல், பகை, ஈரம் ஆகியவற்றை அறிந்தே மாறுகிறது. தொல்காப்பிய மரபியல் வெருகின் பிள்ளையைக் குட்டி என்றும் பறழ் என்றும் சொல்லலாம் என இலக்கணம் வகுத்திருக்கிறது. அந்த நுண்மையோடு உயிர்களைப் பார்த்த மக்களின் வழிவந்த நாம், கண்முன் ஒரு தாய் அலைவதைக் கண்டும் காரணம் கேட்காதவர்களாக இருந்திருக்கிறோம்.

அடுத்த நாட்கள் இனிமையாகக் கழிந்தன. தாய் உண்ண வரும் நேரத்தில், மளிகைக் கடையில் இரவல் வாங்கிய சிறு மின்தராசில் குட்டிகளை எடை பார்த்தோம். நாளொன்றுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும் என்பது கணக்கு. ஏறியது. பால் குடிக்கையில் ஒவ்வொரு குட்டியும் தனக்கென ஒரு காம்பைத் தேர்ந்துகொண்டு அதையே நாடிச் செல்வதைக் கண்டோம். ஒன்பதாம் நாள் ஒரு குட்டியின் கண் கீற்றாகத் திறந்தது. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக விழித்தன.

பிறகு டிசம்பர் 17 வந்தது. தென்மாவட்ட மக்கள் அந்த நாளை மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்ததாகப் பேசிக்கொண்டோம். அன்று திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்பது அதன் பெயர். மாலைத் திருப்பலிக்கு விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே வந்தனர். இரவில் மின்சாரம் நின்றது, கைப்பேசி நின்றது. குளங்கள் உடைந்து, ஆற்று வெள்ளமும் சேர்ந்து வாழைத் தோட்டங்களைக் கடந்து ஊருக்குள் வந்தது. மக்கள் பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு மேட்டிலுள்ள ஆலயத்துக்கு ஏறினர். ஆலயக் கதவுகளைத் திறந்துவிட்டு, நாமும் கோயில்பிள்ளையும் பங்கு இல்லத்துக்கு ஓடினோம். முதலில் பதிவேடுகளே நினைவுக்கு வந்தன. அவற்றை அலமாரியின் உச்சிக்கு ஏற்றித் தார்ப்பாயால் மூடும்போது தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. அப்போதுதான் மூலையிலிருந்த பெட்டியின் நினைவு வந்தது.

கோயில்பிள்ளை விளக்கைப் பிடித்தார். பெட்டியின் அடிப்பலகையை நீர் நக்கிக்கொண்டிருந்தது. தாய் பெட்டிக்குள் நின்றபடி நம்மை நோக்கிச் சீறியது. குட்டிகளை அள்ளி எடுக்கக் குனிந்த கையை, முருங்கை மரத்தடி நினைவு பின்னுக்கு இழுத்தது. அள்ளினால் தாய் மிரண்டு வெள்ளத்தில் பாயும். தாயை இழந்தால் குட்டிகளை மேலே வைத்தும் பயனில்லை. என்ன செய்வது? மேசையை இழுத்து அலமாரியோடு ஒட்டிப் போட்டோம். மேசையின் மேல் ஒரு நாற்காலியைத் தூக்கி வைத்தோம். பெட்டிக்கும் மேசைக்கும் இடையே ஒரு முக்காலி. பிறகு இரண்டடி விலகி நின்றோம்.

தாய் நம்மைப் பார்த்தது, உயரத்தைப் பார்த்தது. ஒரு குட்டியின் பிடரியைக் கவ்வியது. குட்டி கால்களைச் சுருக்கிக்கொண்டு அசைவற்றுத் தொங்கியது. முக்காலி, மேசை, நாற்காலி, அலமாரி உச்சி. இறங்கி வந்தது. இரண்டாவது குட்டி. மறுபடி இறங்கி முக்காலிக்கு வந்தபோது பெட்டி நனைந்து சரியத் தொடங்கியிருந்தது. பூனை தண்ணீரைக் கண்டு முக்காலியிலேயே தயங்கி நின்றது. நாம் சரியும் பெட்டியை இரு கைகளாலும் அப்படியே தூக்கி, முக்காலியின் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றோம். குட்டியைத் தொடவில்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை, கைகள் நடுங்கின. பூனை கழுத்தை நீட்டி, நம் கைகளுக்கு நடுவேயிருந்து மூன்றாவது குட்டியைக் கவ்விக்கொண்டு மேலே போயிற்று. ஞானஸ்நானப் பதிவேடுகளின் மீது, தார்ப்பாய் மடிப்பில், நான்கு உயிர்களும் ஒன்றாகச் சுருண்டன.

குருமடத்தில் நாம் அருளைப் பற்றிய பாடம் பயின்ற நாட்கள் அப்போது நினைவுக்கு வந்தன. இறைவனின் அருளா, மனிதனின் முயற்சியா என்ற வழக்கை நம் நாட்டு வைணவ ஆசாரியர்கள் இரண்டு உவமைகளால் பேசினர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும் என்று வடகலையார் மர்க்கட நியாயம் உரைத்தனர். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாயே அதைக் கவ்விச் செல்கிறது என்று தென்கலையார் மார்ச்சால நியாயம் உரைத்தனர். உரோமையிலும் இதே வழக்கு தோமினிக் சபையாருக்கும் இயேசு சபையாருக்கும் இடையே 1597 முதல் 1607 வரை பாப்புமார் முன்னிலையில் நடந்தது. முடிவில் ஐந்தாம் பவுல் தீர்ப்பேதும் கூறாமல், ஒருவரையொருவர் பழிக்க வேண்டாம் என்று அனுப்பிவைத்தார். தேர்வில் இவற்றையெல்லாம் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றோம். ஆயினும் அந்த உவமைகளில் குருவின் இடம் எது என்று அன்று எவரும் கேட்கவில்லை. நாமாக ஓர் இடத்தை எடுத்துக்கொண்டோம். மந்தையைக் கவ்விச் செல்லும் தாய்ப்பூனை நாமே என்று எண்ணிக்கொண்டோம். அந்த இரவில்தான் நமது இடம் தெரிந்தது. நாம் இழுத்துப் போட்ட முக்காலி; மேசை மேல் ஏற்றிய நாற்காலி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதற்குக் குறைவாகவும் இருந்துவிடக் கூடாது.

பொழுது விடிந்தபோது ஆலயத்தில் நூற்றுக்கணக்கானோர் இருந்தனர். அவர்களுள் ஓர் இளந்தாய். பிள்ளை பிறந்து இருபது நாளே ஆகியிருந்தது. கணவர் வேலைக்குச் சென்ற ஊரில் அகப்பட்டுக்கொண்டார். இரவெல்லாம் நனைந்து, பயந்து, அத்தனை பேர் நடுவே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நடை நடையாக நடந்தார். "பால் வரல சாமி, பிள்ளை கத்துது" என்று அழுதார். நமது கால் உடனே புறப்பட்டது. எங்கிருந்தேனும் ஒரு பால்மாவு டப்பாவைக் கொண்டுவர வேண்டும் என்று. இரண்டடி வைத்ததும் நின்றோம். பாட்டியைத் திரும்பிப் பார்த்தோம். இம்முறை அவரை முதலில் கேட்டோம்: "என்ன செய்யலாம் பாட்டி?"

பாட்டி வரிசையாகச் சொன்னார். திருப்பொருள் அறையை அந்தப் பெண்ணுக்கு ஒழித்துத் தர வேண்டும். காய்ந்த சேலை ஒன்று. ஆண்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது. நீத்துப்போன தேநீர் அல்ல, சுடச்சுடக் கஞ்சி. பிள்ளையைத் தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்த வேண்டும். அவ்வளவே. விறகு நனைந்திருந்ததால் பழைய பெஞ்சு ஒன்றை உடைத்துக் கஞ்சி காய்ச்சினோம். உண்டு, உடை மாற்றி, ஒரு மணி நேரம் சாய்ந்திருந்தபின் அந்தத் தாய் பிள்ளைக்குப் பாலூட்டினார். மாலையில் இருவரும் உறங்கிக் கிடந்தனர்.

அச்சத்தாலும் களைப்பாலும் பால் இறங்குவது சற்று நேரம் தடைப்படலாம்; பால் வற்றிப்போவதில்லை என்று பின்னர் ஒரு செவிலியர் விளக்கினார். பேரிடர் காலங்களில் பால்மாவைக் கண்டபடி வாரி வழங்க வேண்டாம், பாலூட்டும் தாய்க்கு உணவும் நீரும் மறைவிடமும் முதலில் கொடுங்கள் என்பது உலக நலவாழ்வு நிறுவனமும் யூனிசெஃப்பும் வலியுறுத்தும் நெறியாம். வெள்ளநீரில் கழுவிய புட்டியில் கரைத்த பால்மாவு பச்சைக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொடுத்துவிடும். தாய்ப்பால் கிடைக்க வழியே இல்லாத குழந்தைக்கு மட்டும் அது தேவை. கால்நடை மருத்துவர் நமக்குச் சொன்னதும் ஏறத்தாழ இதையேதான். மனிதத் தாயையும் பூனையையும் ஒப்பிட்டதாக எவரும் வருந்த வேண்டாம். ஒப்பிடப்படுவது உதவ வரும் நாமே. பிள்ளையின் அழுகை நம் காதைத் துளைக்கிறது, பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறோம், தாயைக் காண்பதில்லை.

நமது விவிலியம் முழுவதையும் புரட்டினாலும் பூனை ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. பாரூக்கு நூலின் 6ஆம் அதிகாரத்தில், பொய்த் தெய்வங்களின் சிலைகள் மீது பறவைகளோடு வந்து உட்காரும் உயிராக அது பேசப்படுகிறது. சிலைக்கு உயிரில்லை என்பதைப் பூனை அறிந்திருக்கிறது என்பது அங்கே பொருள். அலமாரி உச்சியில் பதிவேடுகளின் மேல் உட்கார்ந்து நம்மைப் பார்த்த அந்தச் சாம்பல் பூனையும் நம்மைப் பற்றி ஏதோ அறிந்திருந்தது என்றே தோன்றுகிறது.

வெள்ளம் வடிந்தது. முருங்கை மரம் சாய்ந்துவிட்டது. அதன் அடியில் நாம் புதைத்த இடமும் தெரியவில்லை. குட்டிகள் நான்காம் வாரத்தில் பிசைந்த மீனை நக்கக் கற்றன. இரண்டு மாதம் நிறைந்தபின் இரண்டு குட்டிகள் நல்ல வீடுகளுக்குச் சென்றன. ஒன்று பாட்டியோடு போயிற்று. பாலூட்டும் காலத்திலேயே பூனை மறுபடி சினைப்படக் கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால், அதுவரை தாயை வெளியே விடாமல் காத்து, 2024 பிப்ரவரியில் கருத்தடை அறுவை செய்வித்தோம். அதுவும் தாய்க்குச் செய்யும் உதவியே. தாய்ப்பூனை இன்றும் பின்னறை அலமாரியின் கீழ்த்தட்டில்தான் உறங்குகிறது. கதவைச் சரிசெய்ய வந்த தச்சரைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

சென்ற வாரம் ஒரு தாய் மகளின் படிப்பு உதவிக்காக வந்தார். கையில் ஒரு நெகிழிப் பை. அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்த தாள்கள். அன்று மட்டும் மூன்றாம் முறை. கோயில்பிள்ளை சிரித்துக்கொண்டே, "குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திச் சுத்தி வாறாங்க சாமி" என்றார். அவர் நம்மிடம் கற்ற சொல்தான் அது. நாம் எழுந்துபோய்த் திண்ணையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டோம்.

"உட்காருங்கள் அம்மா. மகளுக்கு என்ன செய்யலாம் என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்" என்றோம்.

அவர் தயங்கித் தயங்கி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். மகள் எந்தப் படிப்பில் சேர வேண்டும், கட்டணத்தில் எவ்வளவு தன்னால் புரட்ட முடியும், எவ்வளவு குறைகிறது, எந்த அலுவலகத்தில் எந்தத் தாளுக்குக் கையொப்பம் நிற்கிறது என எல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நம்மிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கடிதம்.